குற்றம் டிஸ்க்கில் இல்லை

எடிட்டிங் மெஷின்களில் வீடியோ திக்கித் திக்கி ஓடியபோது புது டிஸ்க்கும் புது சுவிட்சும் வாங்கச் சொன்னவர்கள், கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் எங்கள் சர்வர் அறைக்கு வந்து ஒரு கட்டளைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. வாங்கினோம். பணம் போனது, திக்கல் போகவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகுதான் இந்தக் கோளாறு என்று முதலிலேயே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சர்வரில் இருக்கும் ஃபைலை நெட்வொர்க் வழியே தரும் என்எஃப்எஸ் மூலம் ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது, நாம் கேட்கும் முன்பே அடுத்த பகுதியைக் கர்னல் கொண்டுவந்து வைத்துவிடும். ரீட்-அஹெட் என்பது அதுதான். பழைய கர்னலில் அதன் அளவு ஆர்சைஸைப் போல, அதாவது ஒரே கோரிக்கையில் படிக்கும் அளவைப் போல, 15 மடங்கு. ஆர்சைஸ் 1 எம்பி என்றால் 15 எம்பி. 2019 கடைசியில் வந்த லினக்ஸ் 5.4 அதை 128 கேபிக்கு இறக்கிவிட்டது. பெரிய வீடியோ ஃபைலுக்கு அது எந்த மூலைக்குக் காணும்? லைன் சும்மா கிடக்க, மெஷின் ஒவ்வொரு துண்டுக்கும் காத்துக் கிடந்தது.

டிஸ்க் விற்க வந்தவர் ஒரே ஃபைலை இரண்டாம் முறை ஓட்டி, "பாருங்க சார், பறக்குது" என்றார். பறக்கத்தான் செய்யும். முதல் முறை ஓடியபோதே அது எடிட்டிங் மெஷினின் ரேமில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் முறை டிஸ்க்குக்கு வேலையே இல்லை. அவர் போனதும் டிராப்_கேச்சஸில் 3 எழுதி, கேச்சைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். அதே திக்கல். கேச்சைத் துடைக்காமல் காட்டும் எந்த வேகத்தையும் நம்பிக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றதெல்லாம் சுலபம். உங்களிடமும் ஒரு என்எஃப்எஸ் சர்வரும் பெரிய ஃபைல்களும்தானே? எடிட்டிங் மெஷினின் சிஸ் டைரக்டரியில் பிடிஐயின் கீழ் உங்கள் மவுன்ட்டுக்குரிய எண்ணைத் தேடி, ரீட்_அஹெட்_கேபியில் 15360 எழுதுங்கள். மறுபடி மவுன்ட் செய்தால் அது அழிந்துவிடும், எண்ணும் மாறலாம்; அதனால் யூடெவ் விதியாகவே போட்டுவிடுங்கள். சின்னச் சின்னப் படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கும் மவுன்ட்டில் மட்டும் கைவைக்க வேண்டாம். அங்கே முன்கூட்டிப் படித்ததெல்லாம் வீண்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி உருவாக்கிய குளஸ்டர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதற்குள்ளேயே தனியாக ரீட்-அஹெட் அடுக்கும் ஐஓ-கேச் அடுக்கும் உண்டு. அவை இயங்கிக்கொண்டிருந்தால், கர்னலும் சேமிக்க, அவையும் சேமிக்க, ஒரே தரவு இரண்டு இடத்தில் ரேமைத் தின்னும். நான் குளஸ்டரின் அடுக்குகளை அணைத்துவிட்டு, வேலையைக் கர்னலிடம் விடுவேன்.