அட்டையின் பின்பக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடியும் உடம்பெல்லாம் வியர்வை. "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால் சம்பந்தமில்லாத பதில். விரலில் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை 48. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 81 காட்டியது. அதற்கப்புறம்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவளால் விழுங்க முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

விடிந்ததும் மாத்திரை டப்பாவைத் தரையில் கொட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஐந்து நாள் முன்பு வீட்டுக்கு வந்தபோது எழுதிக் கொடுத்த சுகர் மாத்திரை ஒன்று, அதற்கு முன்பே போட்டுக்கொண்டிருந்தது ஒன்று. பேர் வேறு, நிறம் வேறு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் அதே கிளிமெபிரைடு, அதே மெட்ஃபார்மின். பழையதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்து நாளாக அம்மா ஒரு வேளை தவறாமல் இரண்டையும் போட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கம்பெனி வைத்த பேரை யாரும் நம்புவதில்லை. அட்டையில் இருக்கிறபடியே மருந்தின் பேர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் எல்லா அட்டைகளையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய், "இதுல எதை நிறுத்தணும்?" என்று கேட்காமல் எழுந்திருப்பதில்லை. அட்டையைப் பிரிக்கும்போது, பேரும் காலாவதித் தேதியும் அச்சடித்த பக்கம் கடைசி மாத்திரைவரை மிஞ்சும்படி மறுமுனையிலிருந்து பிரிக்கிறோம். மருந்துக்கடையில் நாலு மாத்திரை வெட்டித் தந்தால், பேர் இல்லாத துண்டு என்றால் வாங்குவதில்லை.

தைராய்டு மாத்திரையில் வேறு பாடம். அம்மாவுக்குக் காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி வேண்டும். மாத்திரையை விழுங்கிய ஐந்தாவது நிமிடம் காபி குடித்துவிடுவாள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். இறங்கவே இல்லை, மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்த டாக்டர்தான் காபியைப் பற்றி விசாரித்தார். காபி அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டிலும் ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கின்றன. விழிப்பு வந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரையும் தைராய்டு மருந்தைத் தடுக்கும், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால் கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டோம்.

பிரஷர் மாத்திரைக்குத்தான் இன்னும் போராட்டம். "நார்மலாயிடுச்சே, இனி எதுக்கு?" என்பாள். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். போட்டாலும் விட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரியாத மருந்தைத்தான் மனுஷர்கள் சீக்கிரம் கைவிடுகிறார்கள். பத்து நாளுக்குரியது மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுகிறேன். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவது கிடையாது. கிருத்திகை விரதம் வந்தால் முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம். சாப்பிடாமல் அந்தச் சுகர் மாத்திரையைப் போட்டால் மறுபடி அந்த ராத்திரிதான்.

போன மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி அட்டை கொடுத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பி, நோட்டில் ஒரு விரல், அட்டையில் ஒரு விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைசி எழுத்து வந்ததும் நிமிர்ந்து, "எல்லாம் ஒத்துப்போகுதுடா, இதைப் போடலாம்" என்றாள்.