யப்பானிய யோகம்: தெம்பூ ஆசான் காட்டிய வழி



யோகம் என்றவுடன் எமக்குத் திருமூலரும் பதஞ்சலி முனிவரும் நினைவுக்கு வருவர். யப்பான் என்றவுடன் காரும் கமராவும் நினைவுக்கு வரும். இரண்டையும் சேர்த்து "யப்பானிய யோகம்" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரலாம். முதலில் கேட்டபோது எமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இன்று இதைப் பாடமாக எழுத முன்வந்திருக்கிறோம். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

நாம் யாழ்ப்பாணத்தில் வணிகவியல் படித்து, 2008ஆம் ஆண்டு அகதியாக இலண்டன் வந்து சேர்ந்தோம். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களும் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படுத்தோம். மே மாதத்தோடு வன்னியிலிருந்து வந்த அழைப்புகள் நின்றன. எமது தூக்கமும் நின்றது. பகலில் எண்களைச் சரிபார்க்கும் தொழில். இரவில் பெயர்களைச் சரிபார்க்கும் மனம். இன்னார் இருக்கிறார், இன்னார் இல்லை, இன்னாரைப் பற்றித் தகவல் இல்லை என்று விடியும்வரை ஒரே பட்டியல். இதை வாசிப்போரில் பலருக்கு இந்தப் பட்டியல் தெரிந்ததே. நாம் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அக்காலத்தில் பணியிடத்தில் எமக்கு அடுத்த மேசையில் ஒரு யப்பானியர் இருந்தார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியான நாட்களில், எல்லோரும் பதற்றமாக ஓடித்திரியும் வேளையில், அவர் மட்டும் கதிரையில் நிமிர்ந்து, தோளைத் தளர்த்தி, இரண்டு நிமிடம் அசையாமல் இருப்பார். பின்பு எழுந்து வேலையைத் தொடர்வார். இது என்ன என்று கேட்டோம். "உங்கள் நாட்டுப் பக்கமிருந்து எங்களுக்கு வந்ததுதான்" என்றார். அவர் சொல்லித்தான் நக்கமுரா தெம்பூ என்ற பெயரை அறிந்தோம்.

யார் இந்தத் தெம்பூ?

பெயரைக் கேட்டவுடன் எமது "தெம்பு" என்ற சொல் நினைவுக்கு வரும். ஊரில் "தென்பு" என்றும் சொல்லுவோம். யப்பானிய மொழியில் தெம்பூ என்றால் விண்ணின் காற்று என்று பொருள். அது அவருக்குப் பின்னால் வந்த பெயர். இயற்பெயர் சபுரோ. பிறந்தது 1876ஆம் ஆண்டு, ரோக்கியோவில். 1904, 1905ஆம் ஆண்டுகளில் யப்பானும் ருசியாவும் போரிட்டபோது மஞ்சூரியாவில் ஒற்றராகப் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியவரைக் காசநோய் பிடித்தது.

அந்நாளில் காசநோய் என்பது ஏறக்குறைய மரண ஓலை. நோய்க் கிருமியை 1882இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ரெப்டோமைசின் மருந்து 1943இல்தான் கிடைத்தது. வாள் வித்தை தெரிந்த, சாவுக்கு அஞ்சாத மனிதர் என்று பெயர் எடுத்தவர், இருமலில் இரத்தம் கண்டதும் கோழையாகிப் போனாராம். தம்மை அதிகம் வருத்தியது நோயைவிட அந்தக் கோழைத்தனமே என்று அவர் பின்னாளில் சொல்லிவந்தார். மருந்து தேடி 1909இல் அமெரிக்கா சென்றார். அங்கிருந்து ஐரோப்பா சென்றார். மருத்துவர்களிடமும் அறிஞர்களிடமும் கேட்டும் விடை கிடைக்கவில்லை. இறந்தாலும் சொந்த மண்ணில் இறப்போம் என்று கப்பல் ஏறினார்.

வழியில், எகிப்தின் கெய்ரோ நகரில், ஒரு யோகியைச் சந்தித்தார். யோகியின் பெயரைக் கரியப்பா என்று யப்பானியர் எழுதுகின்றனர். தமிழ்க் காதுக்கு மிக நெருக்கமான பெயர்தான். ஆனாலும் பெயரை மட்டும் வைத்து நாம் உரிமை கோரப் போவதில்லை. யோகி அவரைக் கஞ்சன்ஜங்கா மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பயின்று, உடல் தேறி, 1913இல் யப்பான் திரும்பினார். வங்கியிலும் தொழில் நிறுவனங்களிலும் பொறுப்பான பதவிகள் வகித்தார். 1919இல் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ரோக்கியோவின் பூங்காக்களில் நின்று, வருவோர் போவோருக்குத் தாம் கற்றதைச் சொல்லத் தொடங்கினார். நீண்டநாள் வாழமாட்டார் என்று கருதப்பட்டவர் 1968இல், தமது 92ஆவது வயதில் காலமானார். கியோசெரா நிறுவனத்தை 1959இல் தொடங்கிய இனமோரி கசுவோ போன்றோர் அவரது போதனையைப் பெரிதும் போற்றினர். இனமோரி கணக்கியல் பற்றியும் நூல் எழுதியவர் என்பது எம்போன்றோருக்குத் தனி மகிழ்ச்சி.

நீர்வீழ்ச்சியின் பாடம்

மலையில் நடந்தவற்றுள் தெம்பூ அடிக்கடி சொன்ன நிகழ்ச்சி ஒன்றை இங்கு தருகிறோம். யோகி அவரை ஒரு நீர்வீழ்ச்சியின் பக்கத்தில் தினமும் இருக்கச் சொன்னார். இரைச்சல் காதைப் பிளந்தது. வேறு ஓசைகள் கேட்கின்றனவா என்று யோகி கேட்டார். இந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும் என்றார் தெம்பூ. முயன்று பார் என்றார் யோகி. சில நாட்கள் சென்றன. இரைச்சலின் நடுவே ஒரு பறவையின் குரல் கேட்டது. பின் பூச்சிகளின் ஒலி கேட்டது. நீர்வீழ்ச்சி ஓயவில்லை. அது முன்போலவே கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அமைதியை மட்டும் அவர் கண்டுகொண்டார்.

இதில் எமக்கு ஒரு முக்கியமான செய்தி உண்டு. மனம் அமைதியடைவதற்கு வாழ்க்கையின் இரைச்சல் முதலில் ஓய வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். விசா கிடைத்ததும், வீட்டுக்கடன் முடிந்ததும், பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் என்று தள்ளிப் போடுகிறோம். நீர்வீழ்ச்சி ஓய்வதில்லை, அன்பர்களே.

நான்கு விதிகள்

தெம்பூ தமது முறைக்கு இட்ட பெயர் "சின்சின் தோயிற்சு ஹோ". முதல் "சின்" என்பது மனம்; அடுத்த "சின்" உடல்; "தோயிற்சு" என்றால் ஒன்றாக்குதல்; "ஹோ" என்றால் முறை. இதைப் போதிப்போர் நான்கு விதிகளாகச் சுருக்கிச் சொல்வர்.

1. மனத்தை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துக.
2. மனத்தை முழுக் கவனத்தோடு பயன்படுத்துக.
3. உடலை இயற்கை விதிகளுக்கு இசையப் பயன்படுத்துக.
4. உடலைப் படிப்படியாக, ஒழுங்காக, இடைவிடாமல் பழக்குக.

இரண்டு விதி மனத்துக்கு, இரண்டு விதி உடலுக்கு. இவற்றுள் பிந்திய மூன்றும் விளங்குவது எளிது. முதல் விதிதான் பலருக்கு இடறும். எமக்கும் இடறியது. கோபம், அச்சம், துக்கம் ஆகிய மூன்றையும் அன்றாடம் விலக்கி வைக்கவேண்டும் என்பது தெம்பூவின் போதனை. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் போய் "துக்கப்படாதே" என்று சொல்லலாமா?

சென்ற ஆண்டு ஆலய மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. மகனின் படத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கைப்பையில் வைத்திருக்கும் ஒரு தாயார் அங்கிருந்தார். "தம்பி, அழாமல் இருக்கச் சொல்லுறாரோ உம்மட யப்பான்காரர்?" என்று கேட்டார். மடைப்பள்ளி மௌனமாயிற்று. எமக்கு உடனே பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, எமக்குத் தெரிந்த தொழிலில்தான் பதில் கிடைத்தது. கணக்கு எழுதுபவன் நட்டத்தை இலாபம் என்று எழுதக்கூடாது. அது பொய்க் கணக்கு. எல்லாம் நன்மைக்கே என்று சிரித்துத் திரிவதும் அப்படிப்பட்ட பொய்க் கணக்கே. அதைத் தெம்பூ சொன்ன ஆக்கபூர்வ மனம் என்று கொள்ளக்கூடாது. அதேவேளை, ஒரு நட்டத்தை ஒருமுறைதான் பதிய வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? அதே இழப்பை ஒவ்வோர் இரவும் புதிதாகப் பதிகிறோம். இழப்பு ஒன்று, பதிவு ஆயிரம். உள்ள பதிவை அழிக்க வேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது. திரும்பத் திரும்பப் பதியும் கையை மட்டும் நிறுத்தப் பழகலாம். தியானம் என்பது அந்தக் கைக்கான பயிற்சி.

பயிற்சி

முதலாவது, இருக்கை. தரையில் இருக்க முடியாதோர் கதிரையில் இருக்கலாம். முதுகைச் சாய்க்காமல், பாதங்கள் இரண்டும் நிலத்தில் படும்படி இருங்கள்.

இரண்டாவது, தெம்பூ சொன்ன "கும்பகம்". இது எமது சொல்லே. ஆனால் பொருள் சற்று வேறு. எமது மரபில் கும்பகம் என்பது மூச்சை உள்ளே நிறுத்தல். திருமந்திரம் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்று அளவே வகுத்திருக்கிறது. தெம்பூ இதை ஓர் உடல்நிலையாகக் கற்பித்தார். தோள்களைத் தளர்த்துதல், அடிவயிற்றில் பலத்தை நிறுத்துதல், குதத்தைச் சுருக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே கணத்தில் செய்வது. திடீர் அதிர்ச்சி வரும்போது, கடுமையான கடிதத்தைப் பிரிக்கும்போது, கோபம் எழும்போது இதைச் செய்யச் சொன்னார். பேருந்திலும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது, மணியோசைத் தியானம். இதனை "அன்ஜோ தாசா" என்பர். ஒரு மணியை ஒருமுறை அடித்து, கண்களை மூடி, அதன் ஒலி தேய்ந்து மறையும்வரை பின்தொடர வேண்டும். ஒலி முடிந்த இடத்தில் ஒரு சிறு வெளி உண்டு. அந்தக் கணத்தில் மனத்தில் எதுவும் இல்லை. எண்ணங்கள் திரும்பி வந்ததும் மீண்டும் அடியுங்கள். ஐந்து முறை போதும். எமது வீடுகளில் பூசை மணி இல்லாத வீடு ஏது? வேகமாக ஆட்டாமல் ஒருமுறை மட்டும் தட்டுங்கள். நாவுள்ள மணி சரிவராவிட்டால் வெண்கலக் கிண்ணம் ஒன்றைக் கரண்டியால் தட்டினாலும் போதும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒலி முடிந்ததும் கையை உயர்த்தச் சொல்லுங்கள். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகக் கை எழும். யார் கடைசிவரை கேட்டார் என்று போட்டியே நடக்கும்.

நான்காவது, படுக்கைக்குப் போகுமுன். உறக்கத்துக்கு முந்திய நேரத்தில் மனம் எதையும் இலகுவாக உள்வாங்கும் என்பதால், அந்நேரத்தில் நல்லவற்றை மட்டும் நினைக்கச் சொன்னார் தெம்பூ. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து, தமக்கு வேண்டிய ஒரு குணத்தை ஒரு வசனத்தில் தமக்கே கட்டளையாகச் சொல்லும்படியும் சொன்னார். "நீ நாளை பொறுமையாக இருப்பாய்" என்பது போல. நாம் முதலில் கூச்சப்பட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் சொன்னோம். செய்திக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே உறங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எச்சரிக்கை

தெம்பூ நோய் தேறினார் என்பதற்காக யோகம் மருந்துக்கு மாற்று என்று யாரும் கொள்ளவேண்டாம். அவர் நோயுற்ற காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை, இன்று உண்டு. குருதி அமுக்கமோ இருதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக்கூடாது. இன்னொன்று: எம்மில் சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய காட்சிகள் நேரில் நடப்பது போலவே வரும். அப்படி வந்தால் கண்ணைத் திறவுங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்துங்கள். அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அது பைத்தியமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. போரைக் கண்டவர்களுக்கு வரும் காயம் அது; அதற்கு வைத்தியம் உண்டு.

முடிவாக

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயாரை ஆலயத்தில் கண்டோம். நாம் யோசித்து வைத்திருந்த கணக்கு விளக்கத்தைச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவரே சொன்னார்: "தம்பி, நீர் சொன்னமாதிரி மணியை அடிச்சுப் பார்த்தனான். அந்தச் சத்தம் முடியுமட்டும் ஒண்டும் வரேல்லை. பிறகு அவன்ர முகம் வந்தது. ஆனா வழக்கமா வாறமாதிரி இல்லை, சிரிச்சமாதிரி வந்தது."

எமது விளக்கத்தை நாம் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

குடும்பமாகச் சிந்திக்க:

1. உங்கள் வாழ்வில் ஓயாத நீர்வீழ்ச்சி எது? அதன் நடுவே கேட்கக்கூடிய பறவைக்குரல் எது?
2. எந்த இழப்பை நீங்கள் ஒவ்வோர் இரவும் மீண்டும் பதிகிறீர்கள்?
3. ஒரு வாரம் தினமும் ஐந்து முறை மணியோசையைப் பின்தொடர்ந்து பாருங்கள். கண்டதை அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது எமக்கும் சொல்லுங்கள்.

எல்லோர் உள்ளத்திலும் அமைதி நிலவ இறைவன் திருவருள் துணை நிற்பதாக.