மணவிலக்கின்போது மனைவிக்குரிய பொருள்

திண்டுக்கல் பேகம்பூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் தலாக், குலா பற்றிய பேச்சு ஜமாஅத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. "சொத்தை எப்படிப் பிரிப்பது?" என்பதே அது. கேள்வியே சரியன்று. கணவன் மனைவி என்பதற்காகவே உண்டாகும் கூட்டுச் சொத்து ஷரீஅத்தில் கிடையாது. அவள் பொருள் அவளுடையது. அவன் பொருள் அவனுடையது. இருவரும் பணம் போட்டு வாங்கிய வீடானால் அவரவர் போட்ட அளவுக்கு உரிமை. மற்றபடி பிரிக்க ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் உண்டு.

அவற்றுள் முதலாவது மஹர். நிக்காஹ் மஜ்லிஸில் தப்தரில் எழுதியதோடு பலர் இதை மறந்து விடுகின்றனர். அது கணவன் தலைமேல் நிற்கும் கடனாகும். பிறகு தருவதாகச் சொன்ன மஹரும் தலாக் ஆனவுடன் கொடுபட வேண்டியதாகிவிடும். கணவன் மவுத்தானாலும், வாரிசுகள் பாகம் பிரிக்குமுன் இக்கடனைத் தீர்க்க வேண்டும். பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதில் எதையும் திரும்ப எடுக்கக் கூடாதென்பது அன்னிஸா அத்தியாயத்தின் (4:20) கட்டளை. நின்றுபோன மஹருக்காக வழக்குத் தொடர மணவிலக்கிலிருந்து 3 ஆண்டுகளே கெடு என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

குலாவில் நிலை வேறு. பிரிவை வேண்டுபவள் மனைவி என்பதால் மஹரைத் திருப்பித் தர அவள் உடன்படலாம். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த செய்தி ஹதீஸில் வருகிறது. ஆனால் மஹரை மிச்சம் பிடிக்க எண்ணி, மனைவியைத் துன்புறுத்தி அவளாகவே குலா கேட்கும்படி செய்பவனை அதே அத்தியாயம் (4:19) தடுக்கிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் பலவற்றில் இந்த ஆயத்தை யாரும் ஓதக் கேட்டதில்லை!

அடுத்து நகையும் சீரும். தாய் வீட்டார் போட்டது, கணவன் வீட்டார் அன்பளிப்பாகப் போட்டது, பீரோ, கட்டில், பாத்திரம் யாவும் அவளுக்கே உரியவை என்று 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். கைக்கூலி வாங்குவது மார்க்கத்துக்கு முரண். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமும்கூட. வாங்கியவர் அதை அப்பெண்ணிடமே சேர்ப்பிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் சாட்சியம் எங்கே? கைக்கூலிக்கு ரசீது கொடுப்பவர் யார்? நகைக்கடைப் பில்கூடச் சில வருடங்களில் தொலைந்து போகிறது. மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட்டுக் கையொப்பமிட வேண்டுமென 1985லேயே விதி வந்துவிட்டது. நிக்காஹ் தப்தரோடு அப்பட்டியலின் ஒரு பிரதியை ஜமாஅத்தே வைத்துக்கொண்டால், பின்னர் எழும் சச்சரவில் பாதி எழாது.

இத்தாக் காலத்தில் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்று அத்தலாக் அத்தியாயம் (65:1) கூறுகிறது. அக்காலச் செலவோடு அவளது எதிர்காலத்துக்கும் நியாயமான ஏற்பாட்டை இத்தாவுக்குள்ளேயே கணவன் செய்தாக வேண்டும் என்று 2001ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் பொதுவான ஜீவனாம்சச் சட்டத்தின் கீழும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் தீர்ப்பாயிற்று.

இனி, மணவிலக்கு நடக்கும் முறை. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது பாவமான முறை என்றே ஹனஃபி ஆலிம்கள் எழுதியுள்ளனர். அது செல்லாதென உச்ச நீதிமன்றம் 2017ல் கூறியது. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. குலாவுக்குத் தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்தையே நாட வேண்டுமென 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஜமாஅத் தரும் கடிதத்தை மட்டும் நம்பி மறுமணம் பேசுவது ஆபத்து. இரு தரப்பிலும் நடுவர் வைத்துச் சமாதானம் செய்விப்பதே (4:35) ஜமாஅத்தின் வேலை. கணவன் 4 ஆண்டுகள் தகவலின்றிப் போனாலோ, 2 ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டாலோ, கொடுமை செய்தாலோ 1939ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவியே கோர்ட் மூலம் மணவிலக்குப் பெறலாம். வக்கீல் பீஸுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

திரும்பி வந்தவள் எங்கே நிற்பாள்? அத்தா வீட்டில்தான். இங்கேதான் மற்றோர் அநீதி நடக்கிறது. "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று அண்ணன் தம்பிமார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். சீர் வேறு, வாரிசுப் பாகம் வேறு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது மெய்தான். 1949ல் சென்னை மாகாணம் அதைத் திருத்தி நிலத்தையும் சேர்த்துவிட்டது. ஒருவர் 4 ஏக்கர் தோட்டமும், மனைவி, ஒரு மகன், இரு மகள்களும் விட்டு மவுத்தானார் என்று வைத்துக்கொள்வோம். கடன், வஸிய்யத் போக, மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 50 சென்ட். மீதி 350ல் மகனுக்கு 175, மகள் ஒவ்வொருவருக்கும் எண்பத்தேழரை சென்ட். மணவிலக்குப் பெற்றவள் என்பதால் அதில் ஒரு சென்ட்கூடக் குறையாது.