சிலந்தி முட்டைக்குள் ஒரு வாரம்



வங்கி வேலையில் ஓய்வு பெற்று, ஏலகிரியில் விவசாயத்துக்கு வந்த முதல் வருஷம். அவரைப் பந்தலில் இலை மடிப்புகளில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் தெரிந்தன. மாவுப்பூச்சிதான் என்று நானே முடிவு கட்டி, கிள்ளிக் கிள்ளி நசுக்கினேன். களை எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டு, "அது எட்டுக்கால் பூச்சி முட்டை சார், அதை ஏன் நசுக்குறீங்க?" என்றார். அதற்குள் பாதிப் பந்தல் முடிந்துவிட்டது. சம்பளம் கேட்காத காவல்காரர்களைப் பிறக்கும் முன்பே அழித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு நுண்ணோக்கி வாங்கினேன்.

எப்படிப் பார்ப்பது?

20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி போதும். முட்டை சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். உள்ளே மஞ்சள் கரு நிறைந்திருப்பதால் கீழிருந்து வரும் வெளிச்சம் ஊடுருவாது. அதனால் கறுப்புக் காகிதத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, மேலிருந்து பக்கவாட்டில் விளக்கைக் காட்டுங்கள்.

வயலில் இருக்கும் கூட்டைத் தொடாதீர்கள். மாட்டுக் கொட்டகை மூலையில் வலை கட்டும் சிலந்தியின் கூடு ஒன்று போதும். ஊசியால் மெதுவாகப் பிரித்து, மெல்லிய தூரிகையால் நாலைந்து முட்டைகளை எடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விட்டால் முட்டை ஓடு தெளிந்து, உள்ளிருப்பது தெரியும். கைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி, வெளிச்ச அளவைக் குறைத்து எடுங்கள். இல்லாவிட்டால் முட்டை வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். தினமும் அதே நேரத்தில், புதிதாக நாலைந்து முட்டைகளை எடுத்துப் படம் பிடியுங்கள்.

என்ன தெரியும்?

ஜப்பானில் ஒசாகா அருகே தகாட்சுகியில் ஹிரோகி ஓடா, யாசுகோ அகியாமா-ஓடா தம்பதியர் வீட்டுச் சிலந்தி ஒன்றின் முட்டைகளை வைத்துப் பல வருஷங்களாக ஆராய்கிறார்கள். அந்தச் சிலந்தியின் கணக்கு, சுமார் 25 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய இப்படி:

• இரண்டாம் நாள்: முட்டையின் ஒரு பக்கம் வெண்மையான வட்டத் தட்டு. அதன் நடுவே ஒரு சிறு மேடு கிளம்பி விளிம்பை நோக்கி நகரும். அது போய்ச் சேரும் பக்கம்தான் சிலந்தியின் முதுகுப் பக்கம்.
• நான்காம் நாள் வாக்கில்: தட்டு பட்டையாக நீண்டு, கால் மொட்டுகள் அரும்பும். வயிற்றுப் பகுதி மொட்டுகளில் சில, பின்னால் நூல் நூற்கும் உறுப்பாகும்.
• ஐந்து, ஆறாம் நாள்: கரு நடுவில் இரண்டாகப் பிரிந்து, மஞ்சள் கருவைச் சுற்றி வந்து மீண்டும் மூடிக்கொள்ளும்.
• ஏழு, எட்டாம் நாள்: ஓட்டை விட்டு வெளியே வரும்.

ஆனால் கூட்டை விட்டு வராது! உள்ளேயே இருந்து, ஒருமுறை தோல் உரித்த பிறகுதான் வெளியேறும். குளிர் கூடினால் நாள் கூடும். மலை மேலே நமக்கும், கீழே ஜோலார்பேட்டைக்காரருக்கும் ஒரே கணக்கு வராது. சிலந்தி வகைக்கு வகையும் மாறும்.

வயலில் என்ன செய்வது?

சந்தேகமாக இருந்தால் பஞ்சை ஊசியால் இழுத்துப் பாருங்கள். நூலாக நீண்டு, உள்ளே உருண்டை முட்டைகள் இருந்தால் சிலந்தி. மாவு போல உதிர்ந்து, பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் மாவுப்பூச்சி.

வரப்பு முழுவதையும் ஒரே நாளில் செதுக்காமல், பாதியை விட்டு வைத்து இரண்டு மூன்று வாரம் கழித்துச் செதுக்குங்கள். இஞ்சி-பூண்டுக் கரைசலானாலும் பூச்சி தென்படும் இடத்தில் மட்டும் அடியுங்கள். நெல் வயலில் பின்புறம் வெள்ளை மூட்டையோடு ஓடும் ஓநாய்ச் சிலந்தியைத் துரத்தாதீர்கள். மூட்டையைப் பிரித்துக் குஞ்சுகளை வெளியே விட்டு, முதுகில் சுமப்பதும் அந்தத் தாய்தான். புகையானைப் பிடித்துத் தின்பதும் அதுதான்.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னால் உடைக்காதீர்கள் என்று வங்கியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் பந்தலில் நானே உடைத்தேன். நீங்கள் உடைக்காதீர்கள்.