வீட்டுக் கோழியும் வெளிப் பறவையும்: நோய் தொற்றும் வழிகளை அடைப்பது எப்படி?

கிராமங்களில் கோழிச் சீக்கு திடீரென்று வந்துவிடுகிறது. மாலையில் நன்றாக மேய்ந்துவிட்டு அடைந்த கோழி காலையில் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறது. நான்கைந்து நாட்களில் கூடு காலியாகிவிடுகிறது. பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்திற்கு அவைதான் அவசரச் செலவுக்கு உதவும் சேமிப்பு. எனவே இந்த நஷ்டம் சிறியதல்ல.

"காக்கை கொண்டு வந்தது, கொக்கு கொண்டு வந்தது" என்று ஊரில் சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. வானில் பறக்கும் பறவையை யாராலும் தடுக்க முடியாது. அது வீட்டுக் கோழியைச் சந்திக்கும் இடத்தைத் தடுக்க முடியும்.

இரண்டு முக்கிய நோய்கள்

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் நாட்டுக் கோழிகளை அதிகம் அழிப்பதாகும். 1927-ல் இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் வந்தது. மூச்சுத் திணறல், கழிச்சல், கழுத்து முறுக்கிக் கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். புறாக்களுக்கும் இதே இனத்தைச் சேர்ந்த கிருமியால் நோய் வரும்.

மற்றொன்று பறவைக் காய்ச்சல். இந்தியாவில் இது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூர் பகுதிப் பண்ணைகளில் காணப்பட்டது. 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளைத் தாக்கியது. லட்சக்கணக்கான பறவைகளை அழிக்க நேர்ந்தது. அங்கு அறுவடையான வயல்களில் வாத்துகளை மேய விடுவார்கள். அதே நீரில் நீர்ப்பறவைகளும் இரை தேடும். 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானில் காக்கைகள் இறந்தன. அதே சமயம் இமாசலப் பிரதேசத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. கோழிகள் திடீரென்று இறப்பதும், தலை வீங்குவதும், கொண்டையும் தாடியும் நீலநிறமாவதும் இந்நோயின் அறிகுறிகள். வாத்துகளோ அறிகுறி எதுவும் காட்டாமலே கிருமியைச் சுமக்கக் கூடும்.

தொற்றும் வழிகள்

நோயுற்ற பறவையின் எச்சத்திலும் மூக்கு, வாய் நீரிலும் கிருமி இருக்கிறது. முற்றத்தில் இறைத்த தானியத்தைக் கொத்தக் குருவி, மைனா, புறா, காக்கை எல்லாம் வருகின்றன. திறந்த தொட்டியில் நீர் குடிக்கின்றன, அதிலேயே எச்சமிடுகின்றன. பிறகு கோழி அதைக் குடிக்கிறது.

எதிர்த் திசையிலும் நோய் செல்லும். செத்த கோழியைக் குப்பை மேட்டிலோ வாய்க்காலிலோ வீசுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. அதைக் காக்கை கொத்துகிறது. நாய் இழுத்துச் செல்கிறது. ஒரு துண்டு அடுத்த தெரு முற்றத்தில் விழுகிறது. காக்கை மேல் பழி போடுகிறோம். அதற்கு இரை வைத்தவர் மனிதரே.

ராணிக்கெட் நோயைப் பொறுத்தவரை காட்டுப் பறவையைவிட மனிதரும் சந்தையுமே அதிகம் பரப்புகின்றனர். ஒரு கோழி சுணங்கியதும், மற்றவற்றை வந்த விலைக்கு விற்றுவிட நினைப்பது இயல்பு. ஆனால் சந்தையில் ஒரே கூடையில் பல ஊர்க் கோழிகள் அடைபடுகின்றன. இன்று விற்ற நோய், கூடையோடும் செருப்போடும் விற்றவர் ஊருக்கே திரும்பி வரும்.

செய்ய வேண்டியவை

1. தீனியை முற்றமெங்கும் இறைக்காமல் கூரைக்கு அடியில் தட்டில் வைக்க வேண்டும். காலையும் மாலையும், சிறிது நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட வேண்டும்.

2. குடிநீரைத் தினமும் மாற்ற வேண்டும். கோழியின் தலை மட்டும் நுழையும்படி பக்கத்தில் துளையிட்ட, மூடியுள்ள பானை நல்லது. குளத்து நீரைக் கொடுக்க வேண்டாம்.

3. அடைக்கும் கூட்டிற்குப் பழைய மீன் வலையையாவது கட்டினால் குருவி, காக்கை நுழையா.

4. கோழியையும் வாத்தையும் ஒரே இடத்தில் அடைக்கக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம். கூந்தன்குளம், வேடந்தாங்கல் போன்ற நீர்நிலைகளை ஒட்டிய ஊரார் அப்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

5. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றுடன் விட வேண்டும். சந்தையிலிருந்து வந்ததும் கை கால் கழுவுவது அவசியம்.

தடுப்பூசி

ராணிக்கெட் நோய்க்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா மருந்தும், 4-ஆம் வாரத்தில் மறுபடியும் அதுவும், 8-ஆம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஊசியும் போட வேண்டும். பிறகு மருத்துவர் யோசனைப்படி தொடரலாம். ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்குவது நல்லது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கலந்த இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி பல வீட்டுக் கோழிகளுக்குக் காணும். ஆகவே தெருவார் ஒன்றுசேர்ந்து போடுவது நலம். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாம்களையும் பயன்படுத்திக் கொள்ளலாம். நோய் வந்த பின் போடுவதால் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும்.

கோழி செத்தால்

செத்த கோழியை வெறும் கையால் தொடக் கூடாது. சீக்குக் கோழியை அறுத்துச் சமைக்கவும் கூடாது. பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றும். ஒன்றிரண்டு இறந்தால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கோழிகளோ காக்கை, நீர்ப்பறவைகளோ கூட்டமாகச் செத்தால் அவற்றைத் தொடாமல், கால்நடை மருந்தகத்திற்கோ 1962 என்ற தொலைபேசி எண்ணிற்கோ உடனே தெரிவிக்க வேண்டும். சொன்னால் கோழிகளை அழித்துவிடுவார்களே என்று பலர் மறைக்கின்றனர். பறவைக் காய்ச்சல் உறுதியானால், அரசு அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. தாமே செத்தவற்றிற்கு இல்லை. மறைத்தால் கோழியும் போகும், பணமும் போகும். முந்திச் சொன்னவர் அடுத்த வீட்டுக் கூட்டையும் காப்பாற்றுகிறார்.