கி.மு. 31-க்கு எத்தனை பெயர்?

மயிலாப்பூர் மாடவீதியில் பஞ்சாங்கம் வாங்கினால் முதல் பக்கத்தில் நிறுத்திப் படியுங்கள். கலியுகம், சாலிவாகன சகம், திருவள்ளுவர் ஆண்டு என்று ஓர் ஆண்டுக்கே பல எண்கள் வரிசையாக இருக்கும். பழைய ஆண்டு ஒன்றுக்கும் இப்படி எல்லாப் பெயரையும் நாமே கண்டுபிடிக்கலாம்.

கி.மு. 31-ஐ எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் பிறந்த ஊர் மயிலாப்பூர் என்பது மரபு. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அருகே அவருக்குக் கோயிலும் உண்டு. அவர் பிறந்த ஆண்டாகத் தமிழறிஞர்கள் வைத்துக்கொண்டது கி.மு. 31. கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை. ஆண்டுக் கணக்குக்கு ஒரு தொடக்கம், அவ்வளவே.

முதலில் கி.மு. எண்ணில் ஒன்றைக் கழித்து, முன்னால் கழித்தல் குறி போடுங்கள்: -30. இதில்தான் பலர் தவறுகிறார்கள். கி.மு. 1-க்கு அடுத்தது நேராகக் கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. இதை மறந்து -31 என்றே வைத்து, திருவள்ளுவர் ஆண்டுக்காக 31-ஐக் கூட்டினால் விடை பூஜ்யம் ஆகிவிடும்.

இனிக் கூட்டல்தான். 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு 1. 57 கூட்டினால் விக்ரம சகாப்தம் 27. 3101 கூட்டினால் கழிந்த கலி 3071. 753 கூட்டினால் ரோம் நகர் தோன்றியதிலிருந்து 723. ரோமானியர்கள் பெரும்பாலும் எண்ணால் சொல்லாமல், ஒக்டேவியனும் மெசல்லாவும் கான்சலாக இருந்த ஆண்டு என்றே குறித்தார்கள். ஆக்டியம் கடற்போர் நடந்ததும் அந்த ஆண்டில்தான். சாலிவாகன சகத்துக்கு இங்கே வேலையில்லை. அது தொடங்கியதே கி.பி. 78-ல்.

அறுபதாண்டுப் பெயருக்கு, தெரிந்த ஓர் ஆண்டு வரும்வரை அறுபது அறுபதாகக் கூட்டுங்கள். 34 முறை கூட்டினால் -30 என்பது 2010 ஆகிறது. 2010 சித்திரையில் பிறந்தது விக்ருதி. ஆகவே இதுவும் விக்ருதி. இது இன்றைய சுழற்சியைப் பின்னோக்கி நீட்டிய பெயர். அன்று வாழ்ந்தவர்கள் அப்படி அழைத்தார்கள் என்று கொள்ள வேண்டாம்.

மாதத்தையும் பாருங்கள். அறுபதாண்டுக் கணக்கு சித்திரையில் மாறுகிறது, வள்ளுவர் ஆண்டு தையில். ஆகவே ஜனவரி முதல் பங்குனி முடிய உள்ள நாளுக்கு, அறுபதாண்டுக் கணக்கில் முந்தைய ஆண்டின் பெயரே பொருந்தும்.

வீட்டுப் பழைய ஜாதகத்தில் ‘விக்ருதி, ஆடி’ என்று மட்டும் இருந்தால் அது 1890-ஆகவும் இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் எழுதி வையுங்கள்.