நொய்யல் தரும் பாடம்: தூய நீரும் கூட்டுப் பொறுப்பும்

நெசவாளருக்குச் சாயம் தோய்க்க நீர் வேண்டும். உழவருக்குப் பயிர் வளர்க்க நீர் வேண்டும். ஒருவர் பயன்படுத்திக் கழித்த நீர் மற்றவரின் வாய்க்காலை அடையுமாயின், இருவருக்கும் இடையே வழக்கு எழுவது இயல்பே. நம் சங்கங்களில் இவ்விரு தொழிலினரும் அங்கத்தினராக உள்ளனர். ஆகவே, அத்தகைய வழக்கொன்று எவ்வாறு மூண்டது, கல்வி நிலையங்களும் தொழில் நிறுவனங்களும் அரசாங்கமும் கூடியதால் எவ்வளவு தீர்வு கிட்டியது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

1. உப்பு வந்த வழி

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளரச் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் நன்கு பற்றுவதற்காகச் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவது வழக்கம். இவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலின்பால் செலுத்திவிட்டுத் தான் நீரிலேயே நின்றுவிடுகிறது. சுண்ணாம்பு முதலியவற்றை இட்டுத் தெளியவைத்தால் நிறம் பெரும்பாலும் நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. கண்ணுக்குத் தெளிந்த நீரும் கழனியைக் கெடுக்கக்கூடும் என்பதை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாய்ந்தால் களிமண் இறுகும், காற்றும் நீரும் உட்புகா, பயிர் வாடும்.

பாசனத்திற்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்று 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளும் உப்பேறின. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் சிறிதும் ஆற்றை அடையலாகாது என்னும் நிலையைக் குறித்த காலத்துக்குள் எய்த வேண்டும் என ஆணையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆயினும் ஆணை முற்றும் நிறைவேறவில்லை. எனவே 2011 ஜனவரி 28-ஆம் நாள் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஓய்ந்தன. உழவர் நியாயம் பெற்றனர். தொழிலாளரோ வேலை இழந்தனர். ஒருவர் வெற்றி மற்றவருக்குப் பட்டினியாக முடிவதை எவரும் நல்ல தீர்வென்று கூறார்.

2. சவ்வின் வரலாறு

கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிக்கும் கருவிகளுள் தலையாயது, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறையாகும். உப்புநீரை மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வொன்றின் மேல் செலுத்தினால், நீர் ஊடுருவும், உப்பு பின்தங்கும். இது தனி ஒருவர் கண்ட சாதனையன்று. 1952-இல் அமெரிக்க அரசாங்கம் உப்புநீரை நன்னீராக்கும் ஆராய்ச்சிக்கெனத் தனி அலுவலகம் நிறுவியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், சிட்னி லோப் என்பாரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி, பயன்தரத்தக்க வேகத்தில் நீரைக் கசியவிடும் சவ்வை உருவாக்கினர். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் அம்முறை மக்களுக்குக் குடிநீர் தந்தது. பின்னர்த் தொழில் நிறுவனங்கள் சவ்வைச் சுருளாகச் சுற்றிக் குழலில் அடக்கி, பெருமளவில் செய்து விற்றன.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரசாங்கப் பண உதவியுடன் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மேம்பட்ட சவ்வொன்றுக்கு ஒரு நிறுவனம் தனியுரிமை கோரியது. அவ்வுரிமை அரசாங்கத்துக்கே சேரும் என 1992-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் யாருடையது, பயன் யாருக்குரியது என்பதைப் பணி தொடங்குமுன்பே எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். கணக்கறிந்த கூட்டுறவாளருக்கு இது புதிய செய்தியன்று.

3. திருப்பூரில் கூடிய கைகள்

சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனித்தனியே இக்கருவிகளை நிறுவுதல் அரிது. ஆகவே, பல பட்டறைகள் பங்குதாரராகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. ஆனால் சவ்வு நன்னீரைப் பிரித்தபின், செறிந்த உப்புநீர் எஞ்சுகிறது. அதனைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய எரிபொருட் செலவு மிகுதி. இங்கேதான் நிலையங்கள் தடுமாறின. 2011-க்குப் பின் அருள்புரம் நிலையத்தில் வேறு வழி செயற்படுத்தப்பட்டது. அவ்வுப்புநீரின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அதனையே மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்பினர். உப்பு வாங்கும் செலவு குறைந்தது. வற்றச் செய்ய வேண்டிய அளவும் குறைந்தது. தமிழக அரசாங்கம் நிலையங்களின் மேம்பாட்டுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. பல்கலைக்கழக வல்லுநர்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் செயற்பாட்டைச் சோதித்தனர். பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

குறைகள் தீர்ந்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. பிரிக்க இயலாத கலப்பு உப்பு மூட்டைகளாகத் தேங்குகிறது. செலவு சிறு பட்டறையை அழுத்துகிறது. உப்பேறிய நிலம் விரைவில் திருந்துவதில்லை. கூட்டு முயற்சி நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின்னரன்றி முன்னரே நிகழ்ந்திருப்பின், இழப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

4. நமக்குரிய கடமைகள்

முதலாவது: மூடுமாறு வந்த ஆணை, முறையாக நடந்த பட்டறையையும் முறை தவறிய பட்டறையையும் ஒருங்கே தாக்கியது. ஓர் அங்கத்தினர் இரவில் மதகைத் திறந்துவிட்டால், பழி எல்லாருக்கும் உரியது. கூட்டுப் பொறுப்பென்பது கடன் பத்திரத்தில் மட்டும் இருப்பதன்று.

இரண்டாவது: சாயச்சாலை நடத்தும் சங்கம், வாங்கிய உப்பு, பயன்படுத்திய நீர், வெளியேறிய நீர் ஆகிய மூன்றுக்கும் பேரேடு வைத்தல் நன்று. கணக்கில் வராத உப்பு எவருடைய வயலிலோ இருக்கிறது.

மூன்றாவது: உழவர் ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைவாயின் உப்பால் தீங்கில்லை. 3-க்கு மேற்படின் பெரும்பாலான பயிர்களுக்குக் கடுந்தீங்கு.

நான்காவது: இரு தொழிலினரும் அடங்கிய நீர்க் குழு ஒன்றைச் சங்கங்கள் அமைத்து, அச்சோதனை முடிவுகளைப் பொதுக்குழுவில் படிக்கச் செய்யலாம். வழக்கு மன்றத்தில் சந்திப்பதினும் சங்கக் கட்டடத்தில் சந்திப்பது இருசாரார்க்கும் இலாபம்.

பயிற்சி வினாக்கள்

1. நிறம் நீங்கிய சாயக்கழிவு ஏன் பாசனத்துக்கு உதவாது?
2. சவ்வு முறை வளர்ச்சியில் பல்கலைக்கழகம், நிறுவனம், அரசாங்கம் ஆகியவற்றின் பங்கு யாது?
3. உங்கள் சங்க எல்லையில் வெளியேறும் நீர் எவருடைய நிலத்தை அடைகிறது?

மூன்றாம் வினாவுக்குரிய விடை இப்பாடத்தில் இல்லை. வாய்க்காலோடு நடந்து சென்று காண்க.